வலது அம்பு

பிளஸ் டூவில் கொடுத்த இலவச லேப்டாப்.
தங்கச்சிமடத்து உப்புக்காற்றில்
கீல் துருப்பிடித்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது.
அரிசி டப்பாவை முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும்.
வலது அம்பு விசை
உள்ளே போனால் வெளியே வராது.
நகத்தால் நெம்ப வேண்டும்.

இதில்தான் கடல் செய்ய உட்கார்ந்தேன்.

பகலில் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள்.
எத்தனை பார், எந்தப் படகு, பாக்கி எவ்வளவு.
ராத்திரி பத்தரைக்கு மேல்
செல்போனில் ஒரு பையன் இந்தியில் சொல்லிக்கொடுப்பான்.
எனக்கு இந்தி தெரியாது.
அவன் கை போகிற இடம் பார்த்து
அப்படியே தட்டுவேன்.

முதல் நாள் ஒரு சதுரம்.
அதற்கு நீலம் அடிக்க ஒன்றரை மணி நேரம்.
பதினாலாம் வரியில் கமா இல்லையென்று
சிவப்பில் திட்டியது.
வைத்தேன்.
பதினைந்தாம் வரி திட்ட ஆரம்பித்தது.

ஆறாம் நாள் ஒரு வல்லம் வரைந்தேன்.
"ஒத்தச் செருப்பு நல்லாருக்கு" என்றார் இவர்,
தூக்கத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து.

செருப்பைக் கடலில் விட்டேன்.
கீழே போனது.
மூழ்கியது என்றுகூடச் சொல்ல முடியாது,
கடலில் படாமலேயே கடலைத் தாண்டி
திரைக்கு அடியில் எங்கோ போய்க்கொண்டிருந்தது.
எண்கள் மட்டும் ஓடின:
கழித்தல் நானூறு, கழித்தல் ஒன்பதாயிரம்.
பாக் நீரிணையில் அவ்வளவு ஆழம் ஏது?
கனத்தைக் கொடுத்த நான்
தாங்குவதற்கு எதையும் கொடுக்கவில்லை.

மூன்று ராத்திரி கழித்து நின்றது.
தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே,
விருந்துக்கு வந்த வீட்டில்
உட்காரச் சொல்லாதவர் மாதிரி.
போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
அப்போதும் நின்றது.

மற்றவர்கள் செய்ததையும் ஆடிப் பார்க்க வேண்டுமாம்.
பாராசூட்டில் குதித்தேன்.
கால் தரையில் படுமுன் சுட்டுவிட்டார்கள்.
மைக் திறந்திருப்பது தெரியாமல்
"அய்யோ மாதாவே" என்றிருக்கிறேன்.
"ஆன்ட்டி, வெளிய போங்க" என்றது
எந்த ஊரோ ஒரு பொடியன் குரல்.
போனேன்.

என் கடலுக்கே வந்தேன்.
ஐஸ் உடைக்கிற மிஷின் சத்தத்தைப் போனில் பிடித்து
இன்ஜினுக்கு வைத்தேன்.
சூடைக்குப் பத்து. காரலுக்கு இருபது. கணவாய்க்கு நூறு.

தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்.
கொழுந்தன் சந்தியாகு வந்து உட்கார்ந்தான்.
"குடுங்க மதினி, நான் ஓட்டுறேன்."
சூடை, சூடை, காரல், கணவாய்.
"ஒங்க கடல்ல மீனு தானா வந்து விழுகுது!"
சிரித்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

வலது அம்பு மாட்டிக்கொண்டது.

கையை எடுத்த பிறகும் வல்லம் போகிறது.
திரையின் ஓரம் வருகிறது.
"திருப்புங்க."
"அங்கிட்டு ஒண்ணுமில்ல சந்தியாகு. நான் ஒண்ணும் வைக்கல."
"திருப்புங்க மதினி."
நெம்புகிறான்,
கடித்துக் கடித்து நகமே இல்லாத விரலால்.
பட்டென்று மூடினான்.
அரிசி டப்பா உருண்டு போனது.

போன வருஷம் எழுபத்தோரு நாள்
அந்தப் பக்கம் இருந்தான்.
வந்தபின் அதைப் பற்றிப் பேசியதில்லை.
"செவப்பரிசிச் சோறு" என்றான் ஒருமுறை, அவ்வளவுதான்.
படகு இன்னும் வரவில்லை.

அன்று ராத்திரி இந்திப் பையனைக் கூப்பிடவில்லை.
நானாக எழுதினேன்:
வலது ஓரம் தாண்டினால்
இடது ஓரத்தில் கொண்டுவந்து வை.
இரண்டே வரி. கமா சரியாக இருந்தது.

காலையில் மேசைமேல் திறந்து வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.
தடைக்காலத்தில் மூன்றே பில்.
மூன்றும் தப்பு.

திரும்பி வந்தபோது
டப்பா முட்டுக்கு நின்றது.
நாலாயிரத்து முப்பது என்றது திரை.
விசை உள்ளேயே கிடந்தது. அவன் நெம்பவில்லை.
வல்லம் வலதில் போய் இடதில் வந்தது,
போய் வந்தது.

"எப்பவும் திரும்பி வந்துருதே மதினி,
அப்ப இதுல கேமு எங்க இருக்கு?"
கேட்டான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கும் தெரியவில்லை.
சார்ஜ் நாலு சதவீதம் இருந்தது.
ஒயரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.