சா.

பெரம்பூரில் ரொசாரியோ வீட்டைக் காலி செய்த அன்று
கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாம்
விலை பேசி வண்டியில் ஏற்றிய பிறகு
கொசுவலைக்குக் கொம்பாக நின்ற இதை
சும்மா எடுத்துட்டுப் போம்மா என்றார்கள்.

ஸ்னூக்கர் கோல்.
முன்பாதி வெளிர்மரம், பின்பாதி கருங்காலி.
சேருமிடத்தில் ஏறும் நாலு கூரில்
மூன்று ஒரே உயரம்,
நாலாவது ஒரு நெல் குட்டை.
பெயர்த்தகடு இருந்த இடத்தில் பள்ளம்,
பள்ளத்தில் பழைய அழுக்கு.

சவுக்கார்பேட்டை பூனம்சந்த் சொன்னார்:
லண்டன் பேர் இருந்தா நாப்பது.
நாப்பது ரூபாயா?
ஆயிரம்மா.
இல்லன்னா?
கொசுவலை.

வியாசர்பாடி கிளப்பில் மார்க்கராக இருந்த இம்மானுவேல்
மேசைமேல் உருட்டினார், ஒரு கண்ணை மூடினார்,
சீமைச் சரக்கு என்றார்.
இரண்டு நாள் நான்
நாற்பதாயிரத்தோடு குடியிருந்தேன்.

மூன்றாம் நாள் கடைசல் பட்டறை வரதன்
கண்ணை மூடி விரலை ஓட்டினான்.
கடைசல் இல்லக்கா, கையால இழைச்சது.
எட்டுப் பட்டை தட்டுதா?
எனக்குத் தட்டவில்லை.
திரும்ப ஓட்டு, அவசரப்படாதே என்றான்.
தட்டியது.

அடி ரப்பரைக் கழற்றினால் துளை, துளைக்குள் ஈயம்.
காசிமேட்டில் வலை பின்னும் தெரசாள்
நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
இது உருக்கி ஊத்துனது இல்லடி.
எங்க வலைக்குண்டு. வாங்கி அடிச்சு எறக்கியிருக்கான்.
லண்டன் அங்கேயே
மீன் செதிலோடு வாய்க்காலில் போனது.

ஈயத்தைச் சுற்றி மர வட்டத்தில்
பென்சில் எழுத்து, எறும்பு அளவு:
பதினேழு கேட்டாங்க. அரை அவுன்ஸ் தூக்கல்.
மன்னிக்கணும். சா.

யாரிடம் மன்னிப்பு?
ஆடுகிறவன் ரப்பரைக் கழற்றமாட்டான்.
வாங்கியவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது.
பின்னொரு நாள் பழுது பார்க்க
எவனோ திறப்பான் என்று
அவனுக்காக எழுதியதா?
நான் பழுது பார்க்கிறவள்கூட இல்லை.
பழைய சாமான்காரி.

சாமுவேல். சாரங்கபாணி. சாகுல்.
ஏன், சாரதாம்பாளாக இருக்கக்கூடாதா?
ராயபுரம் சவப்பெட்டிக் கடையில் கேட்டேன்,
கருங்காலி அங்கேதான் கிடக்கும் என்று.
எங்க தாத்தா சாலமோன் என்றார் கடைக்காரர்.
நெஞ்சு படபடத்தது.
ஆனா அவருக்கு எழுதத் தெரியாதும்மா,
பொட்டியில பேர் எழுத வேற ஆள்.

பூனம்சந்த் மறுபடி போன் செய்தார்.
மிண்ட் தெருவில் தகடு வெட்ட ஆள் இருக்கிறதாம்.
லண்டன்னு அடிச்சு பள்ளத்துல ஒட்டினா
யாரு கேட்கப் போறா?
யாரும் கேட்கமாட்டார்கள்.
வாடகை பத்தாம் தேதி.

இன்று காலை நகைக்கடைத் தராசில் வைத்தேன்.
தட்டைத் தாண்டி இரு பக்கமும் நீண்டு
காவடி மாதிரி ஆடி நின்றது.
நானூற்று எண்பத்திரண்டு கிராம்.
கல்லாப் பையன் செல்லில் கணக்குப் போட்டான்.
பதினேழு அவுன்ஸ், ஆன்ட்டி. சொச்சம் இல்ல.

தகடு போனதும், தோல்முனை தேய்ந்ததும்,
எந்த வெயிலிலோ மரம் வற்றியதும் சேர்ந்து
அந்த அரை அவுன்ஸைக் கழித்திருக்கின்றன.

பையனிடம் பென்சில் வாங்கி
அந்த எறும்புகளுக்குக் கீழே எழுதினேன்:
சரியாப் போச்சு.
எச்சில் தொட்டு ரப்பரை அமுக்கினேன்.

பூனம்சந்துக்கு
இன்னும் பதில் சொல்லவில்லை.