பி.பி. கால்

காலையில் என் பெயரைக் கேட்டேன்.
ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.
ராஜபாளையம் என்றேன்.
"சைபர் நாலு அஞ்சு ஆறு மூணு."
காரைக்குடி, திண்டுக்கல், கொடைக்கானல்,
ஒன்றும் தவறவில்லை.
தல்லாகுளம் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம்
ஊரோடு ஊரை முடிந்துவிட்ட கை
நைட்டிப் பொத்தானை அடுத்த ஓட்டையில் செருகிவிட்டு
லைன் கிடைக்காததுபோல் காத்திருக்கிறது.

ஆனையூர் வீட்டில் இரவு எட்டரை ஆனால்
டிபன் பாக்ஸைத் தேடுவாள்.
"நைட் டூட்டி. ஏ.வி. பாலத்துல பஸ் நிக்குதாம்.
நான் அங்கிட்டு நடந்தே போயிருவேன்."
கதவைப் பூட்டிச் சாவியை
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்கிறேன்.
என் பத்தொன்பதாம் வயதில்
இவள் செய்ததுதான்.
பூட்டு மட்டும் புதுசு.

தொண்ணூற்று நாலு, ஐப்பசி மழை.
ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடை போன்.
மகள் பிறந்து ஒன்பது நாள்.
பி.பி. கால் பதிந்தேன்:
மதுரை, வீட்டு நம்பர்,
பேச வேண்டியவர் சௌந்தரவல்லி.
அந்த ஆளே வந்து எடுத்தால்தான் முழுக் கணக்கு.
கையில் இருந்த காசுக்கு அதுதான் தோது.
மதுரைப் பக்கம் போர்டில் உட்கார்ந்திருந்தது
அவளேதான்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
என் குரல் அவளுக்கு.
"பார்ட்டி அங்க இல்லம்மா."
பொய் என்றும் சொல்லிவிட முடியாது.
வீட்டில் இல்லை, போர்டில் இருந்தாள்.
டொக்.

பதினாறு வருடம் அந்த டொக்கை
காதுக்குள் வளர்த்தேன்.
அப்பா செத்த வீட்டில்தான் மறுபடி பார்த்தோம்.
"சாப்பிட்டியா" என்றாள்,
"ம்" என்றேன்.
மிச்சத்தை ஒரு நாள் கேட்டுவிடலாம் என்று
வாக்கியங்களைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தேன்.
அதற்குள் மறந்துவிட்டாள்.
சண்டையில் ஒருத்தி எழுந்து போய்விட்டால்
மற்றவள்
இரண்டு பேர் வசனத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை
பருத்திப்பாலை என் மேல் துப்பிவிட்டு, திடீரென்று
"அரசி வந்துட்டாளா?"
ஐந்து மாதத்தில் முதல் தடவை.
எனக்கு என்ன வந்ததோ,
"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லம்மா" என்றேன்.
தலையாட்டினாள், வேலை தெரிந்தவளாய்.
"சரி. கேன்சல் போட்ருங்க."
துடைத்த துணியை
மூன்று தண்ணீரில் அலசினேன்.
கருப்பட்டி வாசம் போகவில்லை.

நேற்றிரவு நான் லூர்து.
பக்கத்துப் போர்டுக்காரி,
போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது.
டயப்பர் மாற்றும்போது மணிக்கட்டைப் பிடித்தாள்.
சூப்பர்வைசர் காதில் விழாத குரலில்,
"லூர்து, யார்ட்டயும் சொல்லிராத.
ராஜபாளையம் லைன்ல எம்மக வந்தா.
இல்லன்னு சொல்லிட்டேன்.
ஆனா பிளக்கைப் பிடுங்கலடி.
பச்சப்பிள்ளை அழுகுற சத்தம்.
மூணு நிமிஷமும் கேட்டேன்.
டிக்கெட் எழுதல."

பிள்ளையை நான் தூக்கிப் போகவில்லை.
மழை. அதனால் தனியாகத்தான் போனேன்.
டொக் கேட்டது.
கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.
அழுதது யார் என்று
இவளிடம் கேட்க லூர்துவுக்கு வாய் வரவில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர்
நோய் இவளுக்கு என்றுதான் எழுதியிருக்கிறார்.

கையை விடாமலே தூங்கிப்போனாள்.
என் கால் மரத்துவிட்டது.
மொட்டைமாடியில் டேங்க் நிரம்பி
சன்ஷேடில் கொட்டுகிறது.
மோட்டரை நிறுத்த
யாராவது எழுந்து போக வேண்டும்.