இடது காது மடல், வயது முப்பத்தொன்று

பாசலில் ஒரு சனிக்கிழமை.
ரைன் ஆறு தெரியும் மூன்றாம் மாடியில்
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
பன்னிரண்டு தோல்கள் வளர்கின்றன.
யாருடைய உடம்பையும் மூடாத தோல்கள்.
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை.

எலிவாலிலிருந்து எடுத்த கொலாஜனில்
மனிதச் செல்களைக் கலந்து
கிண்ணத்தில் ஊற்றினால்
அரை மணியில் தயிராக உறையும்.
சில நாள் நீருக்குள் கிடக்கும்.
பிறகு தூக்கி நிறுத்த வேண்டும்:
கீழே இளஞ்சிவப்பு ஊட்டநீர், மேலே வெறும் காற்று.
காற்றுப் பட்டால்தான் தோலுக்குத்
தான் தோல் என்று தெரிகிறது.

முதல் ஆறு சாதாரணத் தோல்,
யாரோ வயிற்றைக் குறைத்துக்கொண்டபோது மிஞ்சியது.
அடுத்த ஆறு, தழும்பு.
காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான்:
கொடையாளி 0417. பெண்.
இடது காது மடல். வயது முப்பத்தொன்று.
பெயர் கேட்கக் கூடாது.
ஆனாலும் யூகிக்க முடியாதா,
கம்மலுக்குக் குத்திய ஓட்டை.
ஊசி கேட்டது கடுகளவு,
தோல் சொன்ன பதில் நெல்லிக்காய் அளவு.

எலிக்கு இது வருவதில்லை.
முயலின் காதைக் கீறினால்
தழும்பு தடிக்கும், பிறகு அடங்கிவிடும்.
காயத்தின் எல்லையைத் தாண்டி
அடுத்தவன் நிலத்தையும் வளைத்துப்போடுவது
மனிதத் தோல் மட்டும்.
அதற்கு ஆறத் தெரியும்.
ஆறியாயிற்று என்பது தெரியாது.

இதை நான் சொல்லலாம்.
பத்தொன்பது வயதில் நெஞ்சு நடுவே ஒரு பரு.
பெர்னில் ஒருவர் வெட்டி எடுத்தார்.
காலி செய்த வாடகைக்காரர்
குடும்பத்தோடு திரும்பியதுபோல்
எட்டே மாதத்தில் வந்து உட்கார்ந்தது,
இருமடங்காக.

வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டேன்,
என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்களேன் என்று.
டாக்டர் அன்னெக்ரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இங்கே சம்பளம் வாங்குகிறவர்கள்
இங்கே தோல் கொடுக்கக் கூடாது.
நல்ல விதிதான்.
இருந்தும் அன்று மாலை டிராமில்
பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள்
பிடிக்கவில்லை என்று சொல்லியனுப்பியதுபோல் இருந்தது.

முன்பொரு ஏப்ரலில் ஒரு மருந்து வந்தது.
கிண்ணத்தில் தழும்பு அப்படியே படுத்துவிட்டது.
ரேட்டோ கேக் வாங்கி வந்தான், செர்ரி வைத்தது.
மூன்று வருஷம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து
இரண்டு வரிக் கடிதம்:
நோயாளிகளிடம் பலனில்லை.
கிண்ணத்தில் ரத்தம் ஓடுவதில்லை.
நரம்பு கிடையாது.
சொறிய ஒரு கை கிடையாது.
நாங்கள் குணப்படுத்தியிருந்தது
அரிக்காத ஒரு தழும்பை.

ஜன்னலுக்குக் கீழே ஆகஸ்ட்.
துணிமணியை மீன் வடிவப் பையில் இறுக்கிக் கட்டி
அதைக் கட்டிக்கொண்டு
ஆற்றோடு மிதந்து போகிறது ஊர்.
எத்தனை முதுகு, எத்தனை தோள்,
எல்லாம் ஒரே துணியில் வெட்டியதுபோல் வழவழவென்று.
ரேட்டோ போனில் கூப்பிடுகிறான், வா.
வருஷம் ஒரு காரணம் வைத்திருப்பேன்:
சளி. பை தொலைந்துவிட்டது. விருந்தாளி.
இந்த வருஷத்துக்கு இன்னும் யோசிக்கவில்லை.

கிராஃப் தாள்மேல் கிண்ணத்தை வைத்து அளக்கிறேன்.
சாதாரணத் தோல், பதினெட்டு மில்லிமீட்டர்.
0417, ஒன்பது.
ராத்திரி யாரும் இல்லாதபோது
தன்னைத்தானே இழுத்து இழுத்து
முட்டியாக மடங்கியிருக்கிறது.
எழுதிக்கொள்கிறேன்.
ஊட்டநீர் மஞ்சளாகிவிட்டது; பசி போலும்.
இருபத்தெட்டாம் நாள் ஃபார்மலின்.
இன்று இருபத்தேழு.
இருந்தாலும் மாற்றி ஊற்றுகிறேன்.

கையுறையைக் கழற்றிக் கீழே போனேன்.
கரைப் படியில் முழங்கால்வரை தண்ணீர்,
நினைத்ததைவிடச் சில்லென்று.
ரேட்டோ ஆரஞ்சு மீனைப் பிடித்தபடி
அதற்குள் பாலத்தைத் தாண்டியிருந்தான்.
மேல் பொத்தானைக் கழற்றினேன்.
அடுத்ததையும்.
காற்றுப் பட்டது.
அரித்தது.

சொறிந்துகொண்டேன்.