ஷட்டர் வைத்த பெட்டி

வெலிங்டன் பழைய சாமான் கடையில்
முந்நூறு சொன்னான் மன்சூர்.
படக்குழாய் இல்லை, ஸ்பீக்கர் இல்லை.
கரகரவென்று இருபுறமும் ஒதுங்கும்
மர ஷட்டர் மட்டும் பிழைத்திருந்தது,
கூடவே அதன் சாவியும்.
இருநூற்றுக்குப் படிந்தது.

அருவங்காடு பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
"டிவியா அக்கா?" என்று கேட்டு
லக்கேஜ் கிழித்தார் கண்டக்டர்.

மாதம் எண்ணூறு, அதற்குமேல் கிடையாது.
கூட்டுறவு வங்கியில்
கடன் மனுக்களைத் திருப்பி அனுப்புகிற சீட் என்னுடையது.
என் மனுவை மட்டும்
எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணுவது?

முதல் மாதம் ரம், அரை பாட்டில்.
குன்னூர்க் கடையில் வரிசை எனக்காக விலகியது,
மரியாதையால் அல்ல.
"வீட்டுக்காரருக்கா மேடம்?"
"வீட்டுக்கு."
பாட்டிலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினான் பையன்:
காலியைக் கொண்டுவந்தால் பத்து ரூபாய் திரும்ப வரும்.
எங்கள் வங்கியில்கூட
இத்தனை நேர்மையான டெபாசிட் இல்லை.

இரண்டாம் மாதம் பிராந்தி, சளிக்கு.
சளி யாருக்கும் வரவில்லை.
மூன்றாம் மாதம் வோட்கா வாங்காமல்
நான்காம் மாதத்தோடு சேர்த்து
கொஞ்சம் நல்லதாக வாங்கினேன்.
மற்றதெல்லாம் மலை கொடுத்தது.
வேலியில் தாட்பூட் பழம்,
சந்தையில் கூறு இருபதுக்கு எலுமிச்சை,
கசப்புக்கு
நாட்டு மருந்துக்கடை நிலவேம்பு, இரண்டு குச்சி.
அளக்க, இருமல் மருந்தின் மூடி.
ஆறு மூடி ஒரு பெக்.

வியாழன்தோறும் ஜெசிந்தா வருவாள்.
விளையாட்டு டீச்சர்; விசிலைக் கழற்றாமலே உட்காருவாள்.
ஷட்டரைத் தள்ளித் திறந்து
"வணக்கம், இன்றைய செய்திகள்" என்பாள்.
நீலகிரித் தைலக் குப்பியும்
குவார்ட்டரும் ஒரே உயரம்,
ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதை
ஒரு பவர்கட்டில் அவள்தான் கண்டுபிடித்தாள்.
மூன்று நாள்
அவள் ஏப்பத்தில் யூகலிப்டஸ் காடு.

ஜூனில் பிளம்ஸ் சல்லிசாக வந்தது.
பரணியில் சர்க்கரை, ஈஸ்ட், நான்கு கிராம்பு.
வேடு கட்டி நாற்பது நாள் காத்தோம்.
திறந்தால் காடி.
"கணக்கில் எழுதிக்கோ, வாராக்கடன்" என்றாள்.
எழுதவில்லை. அதில் பீட்ரூட் ஊறப் போட்டேன்,
ரம்முக்குத் தொட்டுக்கொள்ள
அதைவிட நல்லது கடையில் கிடைக்காது.

கீழ்வீட்டில் ரிட்டயர்டு ஹவில்தார் பெள்ளன்.
டாக்டர் அவரை நிறுத்தச் சொல்லிவிட்டார்,
கேண்டீன் கோட்டாவை நிறுத்தச் சொல்லவில்லை.
நவம்பரில் அவர் கட்டைவிரலை என் போனோடு கட்டிய கருவியில் அழுத்தி
உயிரோடு இருக்கிறார் என்று
அரசாங்கத்துக்குச் சொல்லித் தருவேன்.
தினத்தாளில் சுற்றி ஒரு ரம் வரும்.
ஆயுளுக்கு அவர் கொடுக்கும் விலை
வருஷத்துக்கு ஒரு பாட்டில்.
அதற்கு நான் பேரம் பேசுவதில்லை.

ஜனவரியில் ஜெசிந்தாவுக்கு கூடலூர் மாறுதல்.
கடைசி வியாழன் அவள் குடிக்கவில்லை,
காலை பஸ் என்றாள்.
போகிறபோது பிராந்தி பாட்டிலில்
பேனாவால் ஒரு கோடு போட்டாள்:
"இதுக்குக் கீழே இறங்கினா எனக்குத் தெரியும்."

இறங்கவில்லை.
எண்ணூறு மட்டும் மாதாமாதம் போகிறது.
பழக்கம், வேறென்ன.
வோட்காவுக்குப் பின்னால் ஜின்,
ஜின்னுக்குப் பின்னால் இன்னொரு ஜின்.
ஃபேக்டரி சங்கு ஊதினால்
ஒன்றோடொன்று இடித்து மெல்ல ஒலிக்கின்றன.
நான் ஆசைப்பட்ட மாதிரியே
தட்டு தெரியாமல் நிறைந்திருக்கிறது பெட்டி.

நேற்று கடைப் பையன் கேட்டான்,
"என்னக்கா, மூணு மாசமா
காலி பாட்டிலே வரலையே?"

பனி ஏறிக்கொண்டிருந்தது.
பின்னால் நின்றவர் குடையை மடக்கினார்.

காலியாகலைப்பா, என்றேன்.