வரி 312

உபி தொழிற்பேட்டை, ஆறாம் மாடி.
ஏழு மணிக்குக் குளிரூட்டியை நிறுத்திவிடுவார்கள்.
இப்போது ஏழே கால்.
டிக்கெட்டில் இரண்டே வாக்கியம்:
புளோக் 118, மின்தூக்கிக் கதவு மூட ரொம்ப நேரமாகிறது.
ஐந்து நொடி ஆக்கவும்.

கோப்பைத் திறந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
9 என்றிருந்தது. குறிப்பு ஏதுமில்லை.
ஒன்பதை ஐந்தாக்க ஒரு விசை,
உள்ளே தள்ள இன்னும் நாலைந்து,
எட்டு மணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம்.

ஆனால் யார் போட்டது இந்த ஒன்பது?
பிளேம் என்றொரு கட்டளை இருக்கிறது,
பழி என்றுதான் பொருள்.
வரிக்கு வரி ஆளைக் காட்டும்.
அடித்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு நேரே
என் பெயர்.

சத்தியமாய் நானில்லை.
இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளி மாலை
கோப்பு முழுவதையும் நான்கு இடம்
வலப்பக்கம் நகர்த்தியிருக்கிறேன்.
காரணம் எழுதவேண்டிய இடத்தில் எழுதியிருப்பது
"சும்மா".
ஒன்பதை நான் போடவில்லை,
கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான்.

சரி, கிட் லாக்.
கருந்திரையில் மஞ்சள் மஞ்சளாய் இறங்கியது.
தியோ பூன் கியாட்: திருத்தத்தில் இருந்த பிழை திருத்தம்.
அதற்குக் கீழே, ஆறு நிமிடம் முந்தி, அவரே: பிழை திருத்தம்.
நூர்ஹயாத்தி: வேலை செய்கிறது, யாரும் தொடாதீர்கள்.
நூர்ஹயாத்தி, முந்தின இரவு 2.40: கடவுளே.
கீழே போகப் போக
எல்லாருக்கும் வயது குறைகிறது.
இன்று பிரிவுத் தலைவராய் இருக்கும் பூன் கியாட்
அடியில் எங்கோ பயிற்சி மாணவன்,
செய்திக்குச் செய்தி மன்னிக்கவும் மன்னிக்கவும்.

பிறகு சட்டென்று முடிந்துவிட்டது.
ஒரு மார்ச் மாதத்தில்
கோப்பு பிறந்திருக்கிறது,
முந்நூறு வரியோடு.
எந்தப் பிள்ளை மீசையோடு பிறக்கும்?

பெயரை மாற்றியிருக்கிறார்கள்.
இரட்டைக் கோடு போட்டு ஃபாலோ என்று சேர்த்தால்தான்
பழைய பெயருக்குள் நுழைய விடும்.
கேட்காதவரை சொல்லாது,
பொய் சொன்னதாகவும் ஆகாது.
எனக்கு அப்படிச் சில மனிதர்களைத் தெரியும்.

சேர்த்தேன்.
பத்து வருட ஆழத்தில் சகாயராஜ்.
நான் வருமுன்பே போய்விட்டவர்,
எந்த மேசை அவருடையது என்றுகூடத் தெரியாது.
சிவப்பில் 5. பச்சையில் 9.
"118-இல் காலை 6.45க்கு டயாலிசிஸுக்குப் போகும்
சக்கர நாற்காலி. தள்ளுகிறவருக்கு முழங்கால் சரியில்லை.
நேரில் நின்று எண்ணினேன். எட்டரை."

அதற்கு மேலே, மூன்று வாரம் பிந்தி, வேறொருவர்.
சிவப்பில் 9. பச்சையில் 5.
"புகார்."
அதற்கும் மேலே, இரண்டே நாளில், சகாயராஜ்.
பச்சையில் 9.
"மறுபடி எண்ணினேன்."

அதன்பின் யாரும் தொடவில்லை,
என் சும்மாவைத் தவிர.

அந்த நாற்காலி இன்னமும் இறங்கி வருகிறதா?
லாக்கிடம் கேட்டுப் பயனில்லை.
எண் மாறிய நாள்கள்தாம் அதற்குத் தெரியும்.
மாறாமல் கிடந்த மூவாயிரத்துச் சொச்சம் நாள்களுக்கு
அதனிடம் ஒரு வரி இல்லை.

மறுநாள் காலை 6.40,
118-இன் கீழ்த்தளத்தில் நின்றேன்.
பள்ளிப்பை. பள்ளிப்பை. ஈரமுடியோடு ஒரு மாது.
ஒவ்வொரு முறை கதவு திறக்கையிலும்
உதட்டுக்குள் எண்ணினேன்.
இரவு வேலை முடித்து மேலே போகிற ஒருவர்
உள்ளே நின்று பொத்தானைக்
குத்திக்கொண்டே இருந்தார், ஆறு, ஏழு, எட்டு.
டிக்கெட் அவருடையதாய் இருக்கலாம்.
அவர் கண்ணைப் பார்த்தால்
நான்கூட ஐந்தாக்கிவிடுவேன்.
ஏழு இருபதுவரை நாற்காலி வரவில்லை.

பேருந்தில்தான் உறைத்தது,
டயாலிசிஸ் ஒருநாள் விட்டு ஒருநாள்.
செவ்வாய், வியாழன், சனி என்று ஏதோ ஒரு கணக்கு.
நான் போனது புதன்.

டிக்கெட் திறந்தே கிடக்கிறது.
ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.