ஒரே கட்டில்

என் கதையில் ஆகாஷ் ஆறடி.
தாடி. கம்பளிச் சட்டைக்குள் அடங்காத தோள்.
அதிகம் பேசமாட்டான்; பேசினால் மழை வரும்.
விஷாலுக்கு மெல்லிய விரல்கள்.
எட்டாம் பக்கத்தில் ஒருமுறை,
பதினோராம் பக்கத்தில் ஒருமுறை அழுவான்.

நீ அதை ஸ்டோரில் படித்தாய், இரவு ஷிப்டில்,
கொழுந்து காயும் அடுப்புக்குப் பக்கத்தில்.
லயத்துச் சுவர் தும்மலைக்கூடக் கடத்திவிடும்,
அங்கே வைத்துப் படிக்கிற கதையில்லை இது.
ஓரமெல்லாம் சிவப்புப் பேனா:
வேலைக்கு வராதவர் பெயருக்கு நேரே நீ போடும்
அதே சுழி.

"நம்ம டிவிஷன்ல யாருக்குடா ஆகாஷ்னு பேரு?"

"ஆறடிக்காரன் காம்பரா வாசல்ல
எத்தன தடவ மண்டைய இடிச்சுக்கிட்டான்?
அத எழுதல."

நியாயம்தான், அல்போன்ஸ்.
ஆறடி நீ.
அட்டை ஏறினால் நாற்காலி மேல் ஏறுகிறவனும் நீ.
சவர்க்காரம் தேய்த்து உன் கணுக்காலிலிருந்து
அதை உருவிப்போட்டவை இந்த மெல்லிய விரல்கள்,
கிளட்ச் கேபிள் மாற்றி மாற்றி
கிரீஸ் போகாத நகங்களோடு.
அழுகிறவனும் நீதான்.
சிங்கள டெலி நாடகத்தில்
யாரோ ஒருத்திக்கு பஸ் தவறியதற்கு
போன மாதம்
சோறு வேண்டாம் என்றாய்.

வில்லன் உன் அப்பா. கதையில் கவ்வாத்துக் கத்தியோடு வருகிறார்.
நிஜத்தில் கதவைத் திறந்து
"சாப்பிட்டியா?" என்கிறார், என் முகத்தைப் பார்க்காமல்.
வேறெதுவும் கேட்டதில்லை, நாலு வருடமாக.
கத்தியைவிட
எனக்கு அந்தக் கேள்விக்குத்தான் பயம்.
இந்த இடத்தில் மட்டும் சிவப்பு இல்லை.

பன்னிரண்டாம் பக்கம்: நுவரெலியா, அடைமழை,
விடுதியில் மிச்சம் ஒரே அறை, ஒரே கட்டில்.
இதற்காகத்தான் எல்லோரும் படிப்பார்கள் என்றேன்.
நீ பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாய்.

நமக்குக் கிடைத்தது இரண்டு கட்டில்.
விடுதிக்காரர் அடையாள அட்டைகளை மாறி மாறிப் பார்த்து
"அண்ணன் தம்பியா?" என்றார்.
நான் ஆமென்றேன், நீ இல்லையென்றாய், ஒரே நேரத்தில்.
சுடுதண்ணி ஏழு மணி வரைக்கும்தான் என்று
சாவியைக் கொடுத்தார்.
கட்டிலை இழுத்தால் பலகைத் தரை கத்தும்,
கீழறையில் அவர்.
ஆக, நடுவில் ஒரு முழம் குளிர்.
அதன் குறுக்கே நீட்டிய உன் கை
விடிவதற்குள் மரத்துப்போனது.
பிளேன்டீக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை உனக்கு.
நான்தான் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன்,
உன் மீசையிலெல்லாம் தேத்தண்ணி.
இப்படி ஒரு கட்டத்தை
எந்தக் கதையிலும் நான் படித்ததில்லை.

எமல்டாவும் படித்துவிட்டாள்,
கொட்டகலைக் கடையில் போட்டோகொப்பி எடுக்கையில்,
அனுமதி கேட்காமல்.
"இதுல நான் எதுக்கு?
மூணு எடத்துல வாறேன். மூணு தடவையும்
ஒங்க ரெண்டு பேரையும் வாழ்த்திட்டுப் போறேன்.
எனக்கு வேற சோலி இல்லையா?"
இருக்கிறது. கடை வாடகை.
கொழும்பில் ஒரு காதலன்,
அவன் திருப்பித் தராத பன்னிரண்டாயிரம்.
தனக்கு ஒரு அத்தியாயம் கேட்டிருக்கிறாள்.
கொப்பிக்குக் காசும்.

கடைசிப் பக்கம்தான் நிற்கிறது.
வழக்கப்படி ஒருவன் சாகவேண்டும்,
இல்லாவிட்டால் மாமன் மகளைக் கட்டிக்கொண்டு
மேளச் சத்தத்தில் ஒருதரம் திரும்பிப் பார்க்கவேண்டும்.

"யார் சாகிறது?" என்றேன்.

நீ கணக்குப் புத்தகத்தைப் பிரித்தாய்.
விரல் வைத்துத் தேடினாய், மெய்யாகவே.
"நாளைக்கு எனக்கு ஆறு மணி ஷிப்ட்.
ஒனக்கு அந்த த்ரீவீல் வேல முடியல.
வெள்ளிக்கிழம சம்பளம்..."
பக்கத்தைப் புரட்டினாய்.
இன்னொரு பக்கம்.

"இந்த மாசம் ஏலாது."