ஒற்றைத் தட்டு

கோண்டாவில் டிப்போவுக்குப் பின்னால், தகரம் போட்ட கராஜில்
என் வான் வயிறு திறந்து நிற்கிறது.
யூட் நிர்மலன் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து
சீமெந்தில் வைக்கிறான்.
மேல் தட்டைப் பிடித்து
இப்படியும் அப்படியும் திருகிக் காட்டுகிறான்.
ஆடுகிறது, விழப்போகிற பல் மாதிரி.

"பிளைவீல் எண்டாலும் இது ஒண்டில்லை அண்ணை, ரெண்டு தட்டு.
இடையிலை சுருள் ஸ்பிரிங், கிறீஸுக்குள்ளை கிடக்கும்.
எஞ்சின் குலுக்கிறதை உதுதான் வாங்கும்.
கியர்பொக்ஸுக்குத் தெரியாது.
உங்களுக்கும் தெரியாது."

"இப்ப?"

"இப்ப சுருள் செத்துப்போச்சு."

புதுசு, கொழும்பில், இரண்டே முக்கால் லட்சம்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல்
ஸ்பானரைத் துடைத்தான். நாகரிகம் தெரிந்த பொடியன்.
மற்ற வழி ஒன்றிருக்கிறது:
ஒரே வார்ப்பில் ஒற்றைத் தட்டு,
அதற்கேற்ற கிளச் பிளேட், பிரஷர் பிளேட்,
கூலியோடு எண்பத்தையாயிரம்.
"உது சாகாது.
ஆனால் ஒண்டையும் மறைக்காது, சொல்லிப்போட்டன்."

தயாளினி கைப்பையைத் திறந்து
எண்ணிக் கொடுத்தாள்.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை.

அன்றிரவே விமான நிலையத்துக்கு ஏழு பேர்.
சாவகச்சேரியில் யாரோ கொடுத்துவிடுகிற
மிளகாய்த்தூள் பொதிக்காகக் காத்து நின்றபோது
கண்ணாடிக்குள் ஏழு முகமும் நடுங்கின.
டாஷ்போர்ட் பிள்ளையார்
எல்லாவற்றுக்கும் சம்மதம் போலத் தலையாட்டினார்.
பின் சீற்றிலிருந்து ஒரு குரல்:
"தம்பி, வானுக்குக் குளிர்காய்ச்சலோ?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கியர்த் தண்டில் கிடந்த உள்ளங்கை மட்டும் சிரிக்கவில்லை.
மூன்று அடி சரி.
நான்காவது
தயங்கி வந்தது.
மறுபடி மூன்று. மறுபடி தயக்கம்.
ஆனையிறவில் உப்புக்காற்றுக்குள் ஓரங்கட்டி
மூத்திரம் பெய்ய இறங்கியவர்கள் திரும்பும்வரை
கை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஆறு வருடமாக ஓட்டுகிற வானை
அப்போதுதான் தொட்டதுபோல.

திரும்பி வந்த அன்று
மூன்றாம் சிலிண்டரின் இஞ்செக்டரைக் கழற்றி
வெயிலில் பிடித்துப் பார்த்தான் யூட். முனை கரிந்திருந்தது.
"இது நேற்று வந்த வருத்தமில்லை.
ஒண்டரை வருசமாவது இருக்கும்."

ஒன்றரை வருடம்.
பட்டுப்போல ஓடுது என்று
ஸ்ராண்ட் முழுக்க நான் பீற்றித் திரிந்த காலம்.
மூன்றாம் சிலிண்டர் விட்ட பிழையை எல்லாம்
ஒவ்வொரு சுற்றிலும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு
எனக்கு நல்ல செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறது அது.
நானோ போன கிழமை முழுக்க
கொம்பனியையும் சுருளையும் தூஷணத்தால் திட்டியிருந்தேன்.

வீட்டில் பள்ளிக்கூடச் சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தவளிடம்
செருப்பைக் கழற்றாமலே கேட்டேன்:
லீசிங் எத்தனை மாதம் நிலுவை?

"மூண்டு."
கொலரைத் திருப்பிப் போட்டாள்.
"ஆறு. இந்த மாதத்தோடை."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது.
சீட்டுக்காசு, அவளின் தமையனிடம் வாங்கியது,
வங்கிக்காரனின் போனை
எனக்குத் தெரியாமல் எடுத்துப் பேசியது.
அவள் குரல் ஆடியது.
என்னால் அதை நிறுத்தவும் முடியவில்லை,
எழும்பிப் போகவும் முடியவில்லை.

இஞ்செக்டர் மாற்றியாயிற்று. ஆனாலும்
காலைக் குளிரில் ஸ்ராட் பண்ணினால் குலுங்குகிறது,
கதவுப் பையில் கிடக்கிற சில்லறை முழுக்கக் கதைக்கிறது.
வருத்தமில்லையாம், டீசல் என்றால் அப்படித்தானாம்.

செத்த பிளைவீலை இரும்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை.
படலைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன்.
காற்றடிக்கும்போது படலை வந்து அதில் இடிக்கிறது,
சத்தமே கேட்பதில்லை.

நாளைக்கு அதை எடுத்துவிட வேண்டும்.